பார்வையாளர் கேள்வி

பின் வரிசையில் மூன்று பேருக்கு சிவபிரகாஷ் சார் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்ததை ராசப்பன் பார்த்துவிட்டார்.

என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று இவரே எழுதிக் கொடுக்கிறார்.

வந்தவர் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உள்ளே இந்த லட்சணம்.

மேடையில் நிற்பது ராசப்பனின் மகள் மைதிலி. நூலகத் துறையில் டாக்டர் பட்டம், ஐந்து வருட உழைப்பு. இன்றைக்கு வாய்மொழித் தேர்வு.

காதில் விழுகிற சேதியில் எது மெய், எது புளுகு என்று தேடித் தெரிந்துகொள்கிற வித்தை ஒன்று இருக்கிறதாம். தகவல் அறிவு என்று பெயர். இருபது வருடமாக அதைப் பற்றி நம் நாட்டில் யார் யார் எத்தனை கட்டுரை போட்டார்கள், எந்த வருடம் ஏறியது, எந்த வருடம் இறங்கியது என்று ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறாள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு.

எண்ணுகிற வேலை ராசப்பனுக்கு விளங்கும். படித்தது நாலாவது. முப்பது வருடமாகக் குச்சிக்கிழங்கு லோடு ஏற்றி, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குக் கொண்டு போகிறவர். எடைமேடையில் காட்டுகிற எண்ணைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை நகர்த்தியதில்லை.

திரையில் எல்லாம் இங்கிலீஷ். இருப்பதிலேயே நீளமான கோடு சிவபிரகாஷ் சாருடையது. நாற்பத்து நாலு கட்டுரை. எல்லாரும் கை தட்டினார்கள்.

ராசப்பன் தட்டவில்லை.

அதில் இருபத்தொன்பது ஒரே சரக்கு. தலைப்பை மட்டும் மாற்றி வேறு வேறு பத்திரிகையில் போட்டது. மைதிலி வரிக்கு வரி ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருந்தாள். அவளுக்கு நெறியாளரே அந்த ஆள்தான். அந்த அட்டவணையை எடுத்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்றார். எடுத்துவிட்டாள். அதை வீட்டில் சொன்னபோது அவள் அழவில்லை. ராசப்பனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அங்கே வந்து வாயைத் திறந்தால் பட்டமே போய்விடும் என்று காலையில் பஸ்ஸில் இரண்டு முறை சொன்னாள்.

சீட்டுக் கேள்விகள் முடிந்தன. திரையில் தேங்க் யூ வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா பேனாவை மூடப் போனார்.

ராசப்பன் எழுந்தார்.

"ஏனுங்க, ஒரே லோடுக் கெழங்கச் சுத்திச் சுத்திக் கொண்டாந்து இருவத்தொம்பது தடவ எடைமேடைல ஏத்துனா, அது எத்தன லோடுங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிவபிரகாஷ் சார் சிரிக்கவில்லை.

"பெரியவரே, இது ஆராய்ச்சி. கெழங்கு யாவாரம் இல்லீங்க. உக்காருங்க."

"உங்களக் கேக்கலீங்க. மேடைல நிக்கற புள்ளயக் கேக்கறேன். ஆரு வேணா கேக்கலாம்னு வாசல்ல ஒட்டி வெச்சது நீங்கதானுங்களே?"

தேர்வாளர் அம்மா பேனாவைத் திறந்து அந்த எண்ணை எழுதிக்கொண்டார். பதில் சொல்லும்படி மைதிலிக்குக் கை காட்டினார்.

அப்போதுதான் மகள் பஸ்ஸில் சொன்னது ராசப்பனுக்கு நினைவு வந்தது. ஐந்து வருடத்தை ஒரே வாயில் கெடுத்துத் தொலைத்தோமோ?

இருந்தாலும் உட்காரவில்லை.

மைதிலி அப்பாவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பொத்தானை ஒரு முறை அழுத்தினாள்.

தேங்க் யூவுக்குப் பிறகும் ஒரு படம் இருந்தது.

கட்டுரை: ஒன்று. தலைப்பு: இருபத்தொன்பது. எழுதியவர்: முனைவர் சிவபிரகாஷ்.

காலையிலிருந்து திரையில் ஓடியதில் அது ஒன்றுதான் தமிழில் இருந்தது. நாலாவது படித்தவர் நின்ற இடத்திலிருந்தே எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக.