காந்தத் தொப்பி

மூளை ஆராய்ச்சிக்காரி ஊரார் தலையையெல்லாம் அளந்துவிட்டாள். தன் தலையை மட்டும் அந்தக் கருவிக்குள் விட்டதே இல்லை. இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டவர் அவள் கணவர்.

திரையில் வரும் எண்களை அவர் சில நொடிகள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அப்போது மூளையில் எழும் காந்த அலையைத் தலையில் கவிழ்த்த தொப்பி அளக்கும். ஆனால் அலை கன்னாபின்னாவென்று துள்ளியது.

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?" என்று வெளியறையிலிருந்து மைக்கில் கேட்டாள்.

"பெல்ட், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டியாச்சு. இனி கழட்ட மானம்தான் மிச்சம்."

"சில ஹேர் டையில இரும்புத் தூள் இருக்கும். உண்மையைச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் அவர் குரல் இறங்கி வந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அடிக்கிறேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க!" என்று பொரிந்து தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண் தயங்கினாள். "இன்னிக்கு ஒருத்தரையாவது அளக்கணுமே மேடம். நீங்களே உட்கார்ந்துடுங்களேன்?"

"நானா?" அவள் குரல் தாழ்ந்தது. "என் முடியும் டைதான்டி. அவருக்கு மட்டும் தெரியவே கூடாது."

அவள் முன்னிருந்த திரையில் அலைகள் எகிறிக் குதித்தன. உள்ளே ஆள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கை அவள் அணைக்கவே இல்லை.

"பயப்படாதே," என்றது ஸ்பீக்கர். "எனக்கு எதுவும் பத்து நொடிக்கு மேல ஞாபகம் இருக்காது."