ஒரு கைப்பிடிக் கறுப்பு எள்

என் மனைவி மகிழினி இறந்து ஒரு வருடம். திதி கொடுக்கக் கறுப்பு எள் எங்கும் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் இப்போது ஒரே எள்தான். வெள்ளை. ஒரே நாளில் பூக்கும், ஒரே நாளில் முற்றும், காய் வெடித்துச் சிந்தாது.

“வெள்ளையிலயே பண்ணிடலாம் தம்பி. இப்ப எல்லாரும் அப்படித்தான்,” என்றார் ஐயர்.

“அவங்க வீட்டு ஆளுங்க வெள்ளைக்கு அடங்குவாங்க. எம்பொண்ணு எதுக்குத்தான் அடங்குனா?” என்று அத்தை உள்ளே போனார். திரும்பி வந்து, ஒரு பொட்டலத்தை அப்படியே என் உள்ளங்கையில் கவிழ்த்தார். கறுப்பு எள்.

“ஏது அத்தை?”

“பிரிட்ஜுல இருந்துச்சு மாப்ள. அவளே எடுத்து வச்சுட்டுப் போயிருக்கா பாருங்க.”

மகிழினி வேலை பார்த்த விதை ஆராய்ச்சி நிலையத்தை மூடியபோது அவள் கொண்டுவந்தது அது. வருடந்தோறும் மாடித் தொட்டிகளில் விதைத்து, புது விதை எடுத்து வைப்பாள். விளைச்சல் பாதிகூட இல்லை என்று கேலி செய்வேன்.

“வெள்ளைக்கு ஒரு நோய் வந்தா, அப்புறம் இதுதான்,” என்பாள்.

இந்த வருடம் நான் விதைக்கவில்லை. மிச்சம் இருப்பது இந்தக் கைப்பிடிதான்.

ஐயர் தண்ணீர் ஊற்றினார். “இறைங்க.”

விரல்களை மூடிக்கொண்டேன். தண்ணீர் மட்டும் வழிந்தது.

“கையைத் தொறங்க மாப்ள. அவ தாகத்தோட நிப்பா.”

நனைந்த விதையைத் திரும்பப் பொட்டலத்தில் வைக்க முடியாது. எழுந்து மாடிக்குப் போனேன். தொட்டி மண் ஒரு வருடமாகக் காய்ந்து இறுகியிருந்தது. வலது கையைத் திறக்காமல், இடது கையால் கிளறத் தொடங்கினேன்.