மூணு மாசமா வரலம்மா

“யாருடி அவன்?”

கிள்ளான் நகரில் அந்தப் பெண்கள் கிளினிக், கடைவரிசையின் இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறும்போது லெட்சுமி நான்கு தடவை நின்றாள். நான்கு தடவையும் இதையேதான் கேட்டாள். கோபத்தில் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துப் போயிருந்தது.

மகள் மலர்விழி அவள் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை, தோழிகளோடு வாடகை வீடு. “மூணு மாசமா வரலம்மா” என்று நேற்று போனில் அழுததோடு சரி.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த லெட்சுமி, சாக்கை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். காய்ச்சலில் துவண்டால்கூட கிளினிக் பக்கம் எட்டிப் பார்க்காதவள். மானம் போகிறதென்றால் மட்டும் கால் தானாக நடக்கும் போலிருக்கிறது.

“உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு.”

“மெதுவாப் பேசுங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க லா.”

“இன்னிக்கு நான் மெதுவாப் பேசுறேன். நாளைக்கு ஊர் வாய மூட உலைமூடி இருக்காடி?” சொல்லும்போதே லெட்சுமிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஒற்றை மகள். அடுத்த தை மாதம் கல்யாணப் பேச்சை எடுப்பதாக இருந்தாள்.

கவுண்டரில் அடையாள அட்டையான ஐசியைக் கேட்டார்கள்.

“உங்க ஐசியக் குடுங்க. உங்க பேர்லதான் பதிஞ்சிருக்கேன்,” என்று மலர் கிசுகிசுத்தாள்.

லெட்சுமி சட்டென்று எடுத்து நீட்டினாள். பாவி மகளுக்கு இந்த மட்டுமாவது புத்தி இருக்கிறதே, அவள் பெயர் வெளியே வராது என்று ஒரு சின்ன நிம்மதி.

உள்ளே டாக்டர் சூசன் சிரித்த முகத்தோடு கேட்டார். “சொல்லுங்க, என்ன செய்யுது?”

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். பெற்றவள் வாயால் அதை எப்படிச் சொல்வது?

மலர்தான் பேசினாள். “மாசத்துல பதினஞ்சு நாள் ரத்தம் போகுது டாக்டர், கட்டி கட்டியா. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. போன மாசம் வேலை செய்ற எடத்துல மயங்கி விழுந்தாச்சு.”

லெட்சுமி விருட்டென்று நிமிர்ந்தாள். “வரலன்னுதானடி சொன்ன?”

டாக்டர் எழுந்து வந்து, லெட்சுமியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “ஒடம்புல ரத்தமே இல்லையே. கர்ப்பப்பைல கட்டி இருக்கும்னு நினைக்கிறேன், ஸ்கேன் எடுத்துரலாம். ஏறிப் படுங்கம்மா.”

“நானா?” லெட்சுமி திகைத்துப்போய் மகளைப் பார்த்தாள். “அப்போ ஒனக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாம்மா?”