இரண்டாம் பாகத்தில் சேவலுக்கு

சண்டை வீடியோ கேம் ஒன்றுக்குள் ஒரு சேவலும் கரடியும் இருந்தன. ஐந்து வருஷமாகக் கரடி அடிக்கும், சேவல் விழும். இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றதும் சேவலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இந்தத் தடவை என்னைப் பறக்க விடுவாங்கண்ணே. இல்லேன்னா இவ்வளவு பெரிய இறக்கையை எதுக்கு வரைஞ்சாங்க?"

கரடி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. "புது வசதிப் பட்டியல் வந்துடுச்சுப்பா."

"பறக்கிறது இருக்கா?"

"இல்ல. ஆடுறவங்க ஆசைப்பட்டுக் கேட்டதைச் சேர்த்திருக்காங்க. நீ விழுறதை இனிமே கிட்டத்துல, மெதுவாக் காட்டுவாங்களாம்."

"அப்ப, இறக்கை?"

"அடி விழுந்தா ஒவ்வொரு இறகா உதிருமாம்."

ஆட்டம் தொடங்க மணி அடித்தது. சேவல் இறக்கைகளை இறுக்கி மூடிக்கொண்டு, தன் இடத்தில் போய் நின்றது.