ஒப்பாரிக்கு வந்த பதிமூன்று பேர்

குழந்தையம்மாள் செத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் கிடத்தி, நெற்றியில் காசு வைத்து, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுதார்கள்.

"நிறுத்துங்க! பொணத்தோட காலு ஆடுது!" என்று கத்தினார் சுந்தரராஜுலு.

கோயமுத்தூரில் பேசும்படம் எடுக்க ஆரம்பித்திருந்த புதிது. சுந்தரராஜுலு டைரக்டர், செத்தவள் கதாநாயகி. வீடும் வாசலும் மூங்கில் தட்டியும் சாயத்துணியும்தான். வெயில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்; அழுகையும் அப்போதே மைக்கில் பதிவாகும். ஒருவர் தும்மினாலும் அத்தனையும் பாழ்.

கண்ணைத் திறந்தால் இமை மேல் பூசிய மாவு வெடித்துவிடும். அதனால் குழந்தையம்மாள் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. தன்னால் ஒரு காட்சி கெட்டது என்ற பேச்சு பன்னிரண்டு வருஷத்தில் வந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இருந்தால் என்ன, உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

அன்று காலை ஒரு பத்திரிகைக்காரர் வந்து, நடிக்க வந்ததில் வருத்தம் உண்டா என்று கேட்டிருந்தார்.

"எதுக்குங்க வருத்தம்? கருப்பின்னாங்க, கட்டைக் குரலுன்னாங்க. நானும் அழுதிருக்கறேன். இப்பக் கண்ணாடியில பாத்தா எனக்கு என்னையப் புடிச்சிருக்குதுங்க" என்று சிரித்தாள்.

அவர் எழுதி முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பதினாலு வயதில் நாடகக் கம்பெனியோடு போனவள் அவள். உயிரோடு இருக்கும் மகளுக்குக் கருமாதி செய்து தலைமுழுகியவர் அவளுடைய அப்பா. 'அவளுக்காக இந்த ஊட்டுல ஒரு பொட்டுக் கண்ணீர் உழுகப்படாது' என்று அவர் போட்ட கட்டளையும் அவள் காதுக்கு வந்திருந்தது.

"எங்கம்மா ஒருக்கா வந்து என்னையப் பாத்தாப் போதுமுங்க. வையறதுக்காச்சும் வரட்டும். இதை மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றாள்.

சுந்தரராஜுலு கால்மாட்டுக்கு வந்து பார்த்தார். கட்டு அவிழ்ந்து கிடந்தது.

"எந்தப் புண்ணியவதி அவுத்தது?"

ஆள் பிடிக்கும் ஐயாசாமி தலையைச் சொறிந்துகொண்டே மறுபடி கட்டினார். அவருக்குக் கணக்கே வராது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் போய் ஒப்பாரிக்குப் பன்னிரண்டு பேரைக் கூட்டி வரச் சொன்னால், பதிமூன்று பேரை வண்டியில் ஏற்றி வந்தவர்.

இழவு வீடுகளில் அழுது பழகியவர்கள் யாரும் பிணத்தின் கால் கட்டைத் தொடமாட்டார்கள். பட்டணத்தில் புத்தி மாறிவிட்டதோ என்னவோ என்று அவர் முணுமுணுத்தார்.

மறுபடி அழுகை கிளம்பியது. பன்னிரண்டு குரல்கள் ஒன்றையொன்று தாங்கிப் பாடின. கால்மாட்டில் ஒருத்தி மட்டும் பாடவில்லை, மாரடிக்கவில்லை, விக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு கைகள் குழந்தையம்மாளின் பாதத்தைப் பொத்திப் பிடித்தன. மெதுவாகத் தடவின. விரல்கள் முடிச்சைத் தேடிப் போயின.

கூச்சத்தில் கால் துள்ளியது. காட்சி போயிற்று. குழந்தையம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது.

"ஏனுங்க டைரக்டரே! கால்மாட்டுல இருக்கறவீங்களுக்கு அழுவவுந் தெரியல, சும்மா இருக்கவுந் தெரியல. வெளிய அனுப்பிப்போடுங்க. வெயிலு போகுது!" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

கைகள் சட்டென்று விலகின. யாரோ எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாவது முறை எல்லாம் ஒழுங்காக அமைந்தது. "பொணமுன்னா இதல்லவா பொணம்!" என்று சுந்தரராஜுலுவே கைதட்டினார்.

முகத்தைக் கழுவிய பிறகுதான் குழந்தையம்மாளுக்கு மனசு உறுத்தியது. கூலிக்கு வந்தவளை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். தேடிக்கொண்டு போனாள். வேப்பமரத்தடியில் பெண்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பேர்தான்.

"ஏனுங்க, கால்மாட்டுல இருந்தவீங்க எங்க? கோவத்துல பேசிப்போட்டேன். ஒரு வார்த்தை சொல்லோணும்."

அவர்களில் மூத்தவளான மாசாணியம்மாள் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது.

"போயிட்டாங்க, அம்மணி. வண்டி வேண்டாமுன்னு நடந்தே போயிட்டாங்க."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்லீங்க. 'வேலையில எத்தனை சுத்தமா இருக்கறா பாரு, நாந்தான் கெடுத்துப்போட்டேன்'னு சந்தோசமாத்தான் சொன்னாங்க."

குழந்தையம்மாளுக்கு அந்தப் பாராட்டு இனித்தது. அதோடு ஒரு சந்தேகமும் வந்தது.

"ஒப்பாரி தெரியாதவீங்களை எதுக்குங்க இத்தனை தூரம் கூட்டியாந்தீங்க?"

மாசாணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு வருசமா ஊட்டுல அழுவ உடலீங்களே, அம்மணி, உங்கம்மாளை."