பாய்மர உச்சியில் ஒற்றை விரல்

பாய்மர உச்சியில், கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்தபடி, கருவி பழுதுபார்ப்பவள் தான் மாட்டிய காற்றுகாட்டியை ஒற்றை விரலால் திருப்புகிறாள். கீழே சுக்கானருகே உள்ள வட்ட முகப்பில் முள்ளும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பினால் மதியமே படகு கிளம்பிவிடும். “இப்ப எங்க காட்டுது?” “முன்பக்கம்,” என்கிறான் கீழே முகப்பருகே நிற்கும் கணவன். “இப்ப?” “வலப்பக்கம். நீ சொன்ன பக்கமெல்லாம் திரும்புது, என்னை மாதிரியே.” சிரிப்பில் பலகை லேசாக ஆடுகிறது. அவள் விரலை எடுக்கிறாள். காற்றுகாட்டி சற்றுத் தயங்கி, தானாகவே அரைவட்டம் சுழன்று, கடலைப் பார்த்து மூக்கை நீட்டுகிறது. அவள் பிடரி வியர்வை சில்லென்கிறது. “இப்ப திருப்பினது நீயா?” “நான் இல்லங்க, காத்து. எத்தனை டிகிரி, பாருங்க.” “கண்ணாடியில உப்பு படிஞ்சிருக்கு, நம்பர் தெரியல.” “தொடைச்சுட்டுப் பாருங்களேன்.” “கை ஒழியல.” அவள் குனிந்து பார்க்கிறாள். அவளைத் தாங்கும் கயிற்றை, அவள் உச்சியைத் தொட்டதுமே முகப்புக்குப் பக்கத்து இரும்பு முளையில் மூன்று சுற்று சுற்றி இறுக்கிக் கட்டியாயிற்று. அந்தக் கட்டுக்கு மேலே, முழங்கை நரம்பு புடைக்க, அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.