அரிசி டிரம்மில் ஒரு காய்

அங்கன்வாடிக்குள் வந்ததிலிருந்து பூவிழி நீட்டிய சுண்டுவிரலை மடக்கவே இல்லை. டாட்டா சொல்லாமல் நழுவிவிட்ட அம்மாவோடு அவள் காய். நாலு வயதுக் காய் என்றால் சும்மாவா? உப்புமா வேண்டாம், பொம்மை வேண்டாம், பாட்டு வேண்டாம். “பெத்தவகூடவா காய் விடுவாக?” என்று ஆயா சிரித்ததும் விரல் இன்னும் விறைத்தது. டீச்சர் அமுதவல்லி மட்டும் சிரிக்கவில்லை. “சொல்லாமப் போனா கோவம் வரத்தான் செய்யும். அதுக்காகக் காயைக் கையிலயே வச்சிருந்தா எப்படிப் பழுக்கும்? அரிசிக்குள்ள வைப்போம், வா” என்று டிரம்மைத் திறந்தாள். பூவிழி விரலை ஆழப் புதைத்து, காயை உள்ளே விட்டுவிட்டு விரலை மட்டும் உருவிக்கொண்டாள். அப்புறம் இரண்டு தட்டு உப்புமா காலி. சாயங்காலம் வாசலில் அம்மாவின் தலை தெரிந்ததும் டிரம்முக்கு ஓடினாள். தோள்வரை கையை விட்டுத் துழாவி, எதையோ பொத்தி எடுத்து மோந்து பார்த்தாள். அமுதவல்லி பக்கத்தில் வந்து நின்றாள். பூவிழி நேராகப் போய் அம்மாவின் மூக்குக்கு நேரே கையை விரித்தாள். வெறுங்கைதான்; ஆனாலும் டீச்சருக்கு லேசாக மாம்பழ வாசம் அடித்தது. “இன்னும் செங்காய்தாம்மா” என்றாள் பூவிழி. “நாளைக்குச் சொல்லிட்டுப் போ, பழுத்துரும்.”